ஓடாத நேரத்தின் அறிவியல்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. ஹூட் மலையின் மேல் தொடங்கிப் பசிபிக் கடற்கரையில் முடிவதால் ‘ஹூட் டு கோஸ்ட்’ என்று பெயர். தூரம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதை 36 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அணியில் 12 பேர். ஆளுக்கு மூன்று கட்டம். முதல் ஆள் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆள் வரை ஓடி முடித்ததும் மறுபடி முதல் ஆளின் முறை வரும். வெள்ளிக்கிழமை புறப்பட்டால் சனிக்கிழமைதான் கடல் கண்ணில் படும். நடுவில் ஒரு முழு இரவு.

கணக்குப் போட்டால் இது பெரிய ஓட்டமாகவே தெரியாது. 320-ஐ 12-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மாரத்தானே 42 கிலோமீட்டர். இங்கோ அந்த 27 கிலோமீட்டரும் மூன்று துண்டாக வருகிறது. கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்ற நடுத்தர வேகத்தில் ஓடும் அணி 29 மணி 20 நிமிடத்தில் பந்தயத்தை முடிக்கும். அதில் ஒருவர் ஓடுவது இரண்டரை மணி நேரம்கூட இல்லை. மிச்சம் கிட்டத்தட்ட 27 மணி நேரம் அவர் வேனில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்க முயல்கிறார், காத்திருக்கிறார்.

இருந்தும் மாரத்தான் பழகிய கால்கள்கூட மூன்றாவது கட்டத்தில் சொன்னபடி கேட்பதில்லை. காரணத்தை ஓட்டத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி அந்த 27 மணி நேரத்தில் இருக்கிறது. இந்தப் பந்தயம் உடலியலில் ஆர்வமுள்ள எவரையும் இழுப்பதற்குக் காரணமும் அதுதான்: தசை, வயிறு, மூளை, கண் நான்கும் ஒரே நாளில், வெவ்வேறு மணிக்கு, தனித்தனியாகச் சோதிக்கப்படுகின்றன.

இதைத் தொடங்கியவர் பாப் ஃபுட். 1982-ல் நடந்த முதல் பந்தயத்தில் எட்டு அணிகள் ஓடின. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். இரவு பகலாக ஓடுவது இவர்களுக்கு முன்பே உண்டு. 1917 ஏப்ரலில் ஜப்பானில் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை 23 கட்டங்களாகப் பிரித்து, மூன்று நாள் தொடர்ச்சியாக ஓடினார்கள். டோக்கியோ தலைநகரானதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி யோமியூரி நாளிதழ் நடத்திய அந்த ஓட்டம்தான் ஜப்பானியர் இன்றும் உயிராகக் கொண்டாடும் ‘எகிடென்’ பந்தயங்களின் தொடக்கம். அங்கே தோளில் மாட்டும் துணிப்பட்டை கைமாறும். ஆரிகனில் மணிக்கட்டில் தட்டினால் சுற்றிக்கொள்ளும் ஒரு பட்டை.

ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வேன். முதல் வேனில் ஆறு பேர், இரண்டாவதில் ஆறு பேர். முதல் வேன்காரர்கள் ஆறு கட்டங்களை முடித்து இரண்டாவது வேனிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் ஆறு கட்டம் ஓடித் திருப்பித் தருவார்கள். மெதுவான அணிகளை விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டு, வேகமான அணிகளைப் பிற்பகலில் விடுகிறார்கள். அதனால் எல்லாரும் கடற்கரையை ஏறக்குறைய ஒரே பொழுதில் சேர்கிறார்கள்.

நம் அணி வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டங்கள் எல்லாம் ஒரே நீளம் என்று கொண்டால், ஒரு கட்டத்துக்கு 49 நிமிடம். முதல் ஓட்டக்காரர் காலை 9 மணிக்கு மலையிலிருந்து இறங்குவார். அடுத்த முறை மாலை 6.47-க்கு, போர்ட்லண்ட் நகரில் வில்லாமெட் ஆற்றங்கரையில், ஹாத்தோர்ன் பாலத்தின் அடியிலிருந்து. மூன்றாவது முறை சனிக்கிழமை அதிகாலை 4.33-க்கு, கடலோர மலைத்தொடரின் காட்டுக்குள் இருக்கும் மிஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து. ஆள் அதே ஆள்தான். ஆனால் அந்த மூன்று நேரங்களிலும் அவருடைய உடல் ஒன்றல்ல.

காலை 9 மணிக்கு அவர் நிற்பது டிம்பர்லைன் விடுதியின் முன்னால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். முதல் கட்டம் முழுக்க இறக்கம்: ஒன்பது கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 600 மீட்டர் கீழே. இறக்கத்தில் ஓடுவது மூச்சுக்குச் சுகம். ஆக்சிஜன் செலவு சமதரையைவிடக் குறைவு, இதயம் அலட்டிக்கொள்ளாது, கடிகாரத்தைப் பார்த்தால் பயிற்சியில் ஒருநாளும் வராத வேகம் காட்டும். வருகிறவரைக்கும் லாபம் என்று பாய்ந்துவிடத் தோன்றும். அணியின் அடுத்த இருபது மணி நேரத்துக்கான கடனை அவர் வாங்குவது இங்கேதான்.

தசை வேலை செய்வதில் இரண்டு விதம் உண்டு. படி ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறவருடைய உள்ளங்கை காய்த்துப்போவது போல, சுமையை விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடிப்பதில்தான் தசைக்குச் சேதம் அதிகம். இந்த நீளும் வேலையில் தசை தன் நார்களில் குறைந்த எண்ணிக்கையையே களமிறக்குகிறது. செலவு குறைவதன் காரணம் அது. அதே காரணத்தால் வேலை செய்கிற ஒவ்வொரு நாரும் அதிகச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

நாருக்குள் இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர் நீளமே உள்ள சார்கோமியர் என்ற சுருங்கும் அலகுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அலகிலும் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கொக்கி போட்டு இழுக்கின்றன. எல்லா அலகுகளும் சம பலமுள்ளவை அல்ல. இழுவை கடுமையாகும்போது பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு, படிந்திருந்த இழைகள் விலகிப்போகின்றன. ஒவ்வொரு காலடிக்கும் இப்படிச் சில. ஒன்பது கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கான காலடிகள்.

மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வது இன்னும் நம்மிடையே ஓயவில்லை. பள்ளிக்கூட மைதானம் முதல் ஜிம் வரை இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். கடுமையாக ஓடியபின் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். நாளைக்கு வரும் வலியில் அதற்குப் பங்கில்லை. தசையின் உள்ளே ஏற்படும் கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே எழுதிவிட்டார்.

பந்தயக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இதில் உண்டு. வலி உச்சத்துக்கு வருவது 24 முதல் 72 மணி நேரம் கழித்து. அதற்குள் பந்தயமே முடிந்திருக்கும். பலக்குறைவு அப்படிக் காத்திருப்பதில்லை, இறங்கி நின்ற நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. திரும்பி வர நாட்கள் பிடிக்கும். ஆகவே நம் ஓட்டக்காரர் மாலையில் ஆற்றங்கரையில் நிற்கும்போது அவருக்கு வலி பெரிதாக இருக்காது, கால் நன்றாகவே இருக்கிறது என்று நினைப்பார். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதலாக முயல வேண்டியிருக்கும்.

இதற்கு மருந்து மலிவானது. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஒரே ஒருமுறை, மிதமான வேகத்தில், ஓர் இறக்கத்தில் ஓடிவிட்டால் போதும். அந்த ஒரு சிறு சேதத்தைச் சரிசெய்யும்போதே தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. அடுத்த முறை அதே இறக்கம் ஏற்படுத்தும் சேதமும் வலியும் வெகுவாகக் குறைகின்றன. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். உடலியலில் இவ்வளவு குறைந்த முதலுக்கு இவ்வளவு பெரிய வட்டி தரும் பயிற்சி வேறு எனக்குத் தெரியவில்லை. மலையே இல்லாத ஊர்க்காரர்கள் மேம்பாலத்தில் ஏறி இறங்கினாலும் பலன் உண்டு.

இனிச் சாப்பாடு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் 540 கிலோகலோரி. அது முழுவதும் மாவுச்சத்திலிருந்தே வந்தது என்று வைத்தாலும் 135 கிராம். நம் தசைகளில் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். மொத்த இருப்பைப் பார்த்தால் ஒரு கட்டம் எதையும் காலி செய்துவிடாது. ஆனால் அந்த 400 கிராமும் உடலெங்கும் பரவிக் கிடக்கிறது. கையில் இருக்கும் கிளைகோஜனைக் காலுக்கு மாற்ற முடியாது. ஓடிய தசைதான் தன் இருப்பைச் செலவழிக்க வேண்டும், அதுதான் நிரப்பிக்கொள்ளவும் வேண்டும்.

இதை அழகாகக் காட்டியவர்கள் ஸ்வீடனின் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இருவர். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒற்றைக் காலால் மிதித்தார்கள். மற்றக் கால் ஓய்வில். களைத்து ஓயும்வரை மிதித்தபின், தொடைக்குள் ஊசியைச் செலுத்தித் தசையில் ஒரு துணுக்கை எடுத்துக் கிளைகோஜனை அளந்தார்கள். சோதனைக்கு ஆட்பட்டவர்கள் அவர்களேதான். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. மிதித்த காலில் கிளைகோஜன் நிரம்பி வழிந்து, ஓய்வெடுத்த காலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒரே ரத்தம், ஒரே உணவு. வேலை செய்த தசை மட்டும் அள்ளிக்கொண்டது. 1966-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வின் மேல்தான் ஓட்டக்காரர்களின் இன்றைய உணவு முறை முழுவதும் நிற்கிறது.

அந்த அள்ளிக்கொள்ளும் வேகம் ஓட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் மிக அதிகம். குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகள் அப்போது இன்சுலினுக்குக் காத்திராமலே திறந்திருக்கின்றன. பிறகு அவை மெல்லச் சாத்திக்கொள்ள, மணிக்கு ஐந்து ஆறு சதவீதம் என்ற வேகத்தில் நிரம்பும். ஒன்பது மணி நேர இடைவெளியில், பல மாரத்தான்காரர்கள் செய்யாத ஒரு வேலையை ரிலே ஓட்டக்காரர் செய்தாக வேண்டும்: வியர்வை காய்வதற்குள் சாப்பிடுவது. கிலோ எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில், 60 கிலோ ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் ரொட்டியும் போதும்.

காலையில் மலையிறங்கியவருக்கு இங்கேயும் ஒரு தண்டம் காத்திருக்கிறது. இறக்கத்தில் சேதமான தசை கிளைகோஜனை மெதுவாகத்தான் நிரப்பிக்கொள்ளும். அவர் எல்லாரையும்விடக் கவனமாகச் சாப்பிட வேண்டியவர். ஆனால் மலைமேல் தொடங்கிய உற்சாகத்தில் அணி முழுவதும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் ஓடிவந்த பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பாரே தவிரச் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

இரவில் வயிற்றின் போக்கு வேறு. கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் பெருமளவு குறைந்து தசைக்குத் திரும்பிவிடும். அதோடு, திட உணவு வயிற்றைவிட்டு இறங்கும் வேகம் காலையைவிட இரவில் குறைவு என்று 1987-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இரவு பத்து மணிக்கு வழியிலுள்ள கடையில் பீட்சாவை ஒரு கை பார்த்துவிட்டு நள்ளிரவில் ஓடப் போகிறவர், கொழுப்பு, இரவு நேரம் இரண்டையும் ஒருசேர வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகிறார். தயிர் சாதம் சாப்பிட்டுப் பழகிய நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: இரவில் குழைவானது, உப்புள்ளது, கொழுப்புக் குறைந்தது.

மாலை 6.47-க்கு நம் ஓட்டக்காரருக்கு உடல் ஒத்துழைக்கும். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, நரம்பணுக்களின் ஒரு சிறு கொத்து உடலின் நாள் கணக்கை வைத்திருக்கிறது. அதன் ஆணைப்படி உடலின் உள்வெப்பம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறி இறங்குகிறது. உச்சம் பிற்பகல் கடைசியிலும் மாலையிலும். அடிமட்டம் அதிகாலை நாலு, ஐந்து மணிக்கு. வெதுவெதுப்பான தசை வேகமாகச் சுருங்கும்: தசையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அதன் திறன் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் கூடும். ஆகவே காலையில் அடிபட்ட தொடையோடும் மாலையில் அவர் நன்றாகவே ஓடிவிடுவார். அந்த ஓட்டத்தை வைத்து மூன்றாவது கட்டத்தை எடைபோடுவது தவறு.

அதிகாலை 4.33. உள்வெப்பம் அடிமட்டத்தில். இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இன்னும் ரத்தத்தில் ஏறி நிற்கிறது. மணிக்கணக்கில் வேனில் மடங்கிக் கிடந்த கால். ஈரச் சட்டையை மாற்றாமல் படுத்திருந்தால் ஆவியாகும் வியர்வை உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துப் போயிருக்கும். காட்டில் குளிர். காலையில் விலகிய இழைகளைச் சுற்றித் தசையில் நீர் கோத்திருக்கிறது. கிளைகோஜன் இருப்பு முழுசாகத் திரும்பவில்லை. மூன்று தனித்தனிக் கணக்குகளும் ஒரே நிமிடத்தில் தீர்வைக்கு வருகின்றன.

தூக்கமின்மை இதில் என்ன செய்கிறது? ஓரிரவுத் தூக்கத்தை இழந்தால் தசைபலமோ, உடல் உள்வாங்கக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவோ பெரிதாகக் குறைவதில்லை. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில் 36 மணி நேரம் விழித்திருந்தவர்களை ஓடுபொறியில் களைத்து ஓயும்வரை நடக்கவிட்டார்கள். இதயத் துடிப்பிலும் ஆக்சிஜன் செலவிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. அதே வேலை அவர்களுக்குக் கூடுதல் பாரமாகத் தோன்றியது. தூக்கம் குறைந்தவருக்கு இயந்திரம் பழுதாவதில்லை. முயற்சியின் விலைதான் ஏறிவிடுகிறது. நாலரை மணிக்கு ஓடப் புறப்படுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால், முதல் கிலோமீட்டரின் அவஸ்தையைப் பார்த்துப் பயப்பட மாட்டார். உடம்பு சூடேற வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும், அவ்வளவே.

தூங்கத்தான் எவ்வளவு கிடைக்கும்? முதல் வேன் இரவு 11.40-க்குக் கைமாற்றிவிட்டு, அதிகாலை 4.33-க்கு மறுபடி வாங்க வேண்டும். அந்த ஐந்து மணி நேரத்தில் அடுத்த இடத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். அங்கே ஆயிரம் அணிகளின் வேன்கள் வரிசையில் நிற்கும். உடை மாற்ற வேண்டும். வரிசையில் நின்று கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணி நேரம், வயல்வெளியில் விரித்த தூக்கப்பைக்குள்.

அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதிலும் நுணுக்கம் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் உலுக்கி எழுப்பினால், எழுந்தவர் அரைமணி நேரமாவது தடுமாறுவார். பேச்சு குழறும், முடிவெடுக்க வராது. உடல்வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும் வேளையில் இந்த மந்தம் இன்னும் மோசம். ஆகவே 20 நிமிடத்துக்குள் எழுந்துவிடும் குட்டித் தூக்கம், அல்லது ஏறக்குறைய 90 நிமிடம் எடுக்கும் ஒரு முழுச் சுற்று, இரண்டில் ஒன்று. எதுவானாலும் ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் எழுந்துவிட வேண்டும். காபி குடிப்பவர்களுக்கு ஒரு வழி: குட்டித் தூக்கத்துக்குப் படுக்கும் முன் குடித்துவிடுவது. கஃபீன் மூளையை எட்டி, தூக்கத்தைத் தூண்டும் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம்போல ஆகும். கண்விழிக்கும்போது அது வேலையைத் தொடங்கியிருக்கும்.

இருட்டில் ஓடுவதற்கு நெற்றி விளக்கு, ஒளி திருப்பும் மேலங்கி, மினுக்கும் விளக்கு எல்லாம் பந்தயத்தில் கட்டாயம். நெற்றி விளக்கின் குறை ஒன்று பலருக்குத் தெரியாது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தரை தட்டையாகத் தெரியும். விளக்கை இடுப்பில் கட்டினால் நிழல் நீண்டு, மேடுபள்ளம் துலங்கும்.

ஓட்டுநருக்கு ஓட்டக்காரர் தெரிவது இன்னொரு கதை. ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோஹான்சன், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்திப் படமெடுத்தார். ஆள் அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். நடந்ததுமே, பார்த்தவர்கள் உடனே மனிதன் என்றார்கள். 1973-ல் வெளியான அந்த ஆய்வு சாலைப் பாதுகாப்புக்கு நேரடியாகப் பயன்படுகிறது. மார்பில் மட்டும் ஒளி திருப்பும் பட்டை அணிந்தவர் தூரத்தில் ஒரு பலகையாகவோ தூணாகவோ தெரியலாம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று அசையும் இடங்களில் பட்டை இருந்தால், ஓட்டுநரின் மூளை அதை வெகு தூரத்திலேயே மனிதன் என்று படித்துவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு இரவில் நடக்கும் பக்தர்களின் பைகளில் காவல்துறையினர் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மிக நல்ல காரியம். அதில் ஒரு துண்டைக் குதிகாலுக்கு மேலேயும் ஒட்டினால் இன்னும் எத்தனையோ மடங்கு பயன் தரும்.

இனி, அணித்தலைவரின் கையிலிருக்கும் கணக்குத் தாள். எந்த ஓட்டக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தப்பினால் வந்தவர் பட்டையோடு நிற்பார், வாங்க ஆள் இருக்காது. மிஸ்ட் பகுதிக் காட்டுக்குள் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது.

ஒவ்வொரு கட்டத்தின் கணிப்பும் மூன்று நிமிடம் முன்பின்னாகலாம் என்று கொள்வோம். 36 கட்டத்துக்கு 108 நிமிடம் பிசகும் என்று தோன்றும். அப்படி ஆகாது. ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பெருகும். 36-இன் வர்க்கமூலம் 6. ஆகவே மொத்தப் பிசகு 18 நிமிடம்போலத்தான் இருக்கும். ஓர் அணியைக் கணிப்பது ஒரு தனி ஆளைக் கணிப்பதைவிட எளிதாக இருப்பதன் ரகசியம் இது.

இரவு இந்தச் சாதகத்தைக் கெடுத்துவிடுகிறது. இருட்டில் எல்லாரும் ஒரே பக்கமாகப் பிசகுவார்கள், அதாவது மெதுவாவார்கள். பன்னிரண்டு இரவுக் கட்டங்களில் ஒவ்வொருவரும் கிலோமீட்டருக்கு 15 வினாடி மட்டும் பின்தங்கினால் 27 நிமிடம் ஓடிவிடும். இதில் எதுவும் எதையும் அழிக்காது. பகல் வேகத்தை அப்படியே இரவுக்கும் எழுதிவைத்த அணி, தன் ஓட்டக்காரர்களை அரைமணி நேரம் முன்னதாக எழுப்பிக் குளிரில் நிறுத்துகிறது. அந்த அரைமணி, இரண்டு மணி நேரத் தூக்கத்திலிருந்து போகிறது. தாளில் இரவுக் கட்டங்களுக்குத் தனி வேகம் எழுதுவது ஓட்டக்காரருக்குத் தரும் நேரடி ஓய்வு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர். காலை 9 மணித் தொடக்கத்துக்காக முதல் வேன்காரர்கள் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்கள். அதிகாலை நாலரைக்கு, தூங்கவே இல்லையென்றால், ஓட்டுநர் விழித்து 23 மணி நேரத்துக்கும் மேலாகிறது. ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் காத்ரின் ரீடும் 1997-ல் இதை மதுவோடு ஒப்பிட்டு அளந்தார்கள். 40 பேரை ஒருமுறை அரைமணிக்கொரு தரம் குடிக்கவைத்தும், இன்னொரு முறை விழித்திருக்கவைத்தும், கண்ணும் கையும் ஒத்திசைந்து செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்குச் சமம். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். ஆரிகனில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட மது அளவு 0.08-க்குக் கீழே. இந்தியாவில் 0.03. தூக்கத்தை அளக்கச் சாலையோரத்தில் ஊதிக்காட்டும் கருவி இல்லாததால், இந்த ஓட்டுநரை யாரும் நிறுத்துவதில்லை. அவருடைய வேன் போகும் சாலையோரத்தில்தான் நூற்றுக்கணக்கானவர்கள் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஓடாத ஒருவரை ஓட்டுநராகவே அழைத்துவருவது அணிகள் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. அது முடியாதபோது, நள்ளிரவில் ஓட்டப்போகிறவர் பிற்பகலிலேயே கட்டாயமாகத் தூங்கிவிட வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். சன்னலைத் திறந்துவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. சில நிமிடங்களுக்கு மறைத்துவைக்கும்.

நம் அணி சனிக்கிழமை பிற்பகல் 2.20-க்கு சீசைடு கடற்கரையில் பந்தயத்தை முடிக்கிறது. பதக்கம், படம், மணலில் விருந்து. அங்கிருந்து போர்ட்லண்டுக்கு 130 கிலோமீட்டர் மலைச்சாலை. பிற்பகலில் உடல் கடிகாரத்துக்கு இயல்பாகவே ஒரு சிறு சரிவு உண்டு. முழு இரவின் பாக்கியும் வயிறு நிறைந்த மந்தமும் அதோடு சேரும். பந்தயத்தின் பரபரப்பு அடங்கிவிட்டதால் விழிப்பைத் தாங்கிப்பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. அறை முன்பதிவு செய்து சனிக்கிழமை இரவைச் சீசைடிலேயே தூங்கிக் கழிக்கிற அணிகள் இருக்கின்றன. அந்த அறை வாடகையை நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்தே எல்லா அணிகளும் கணக்கில் எழுத வேண்டும்.